தாய் முதலா, சேய் முதலா? ஆக்கிகளின் அறுபதாண்டு வரலாறு

ஜாவா மொழியைக் கற்ற மாணவர்கள் மனப்பாடமாக அறிந்த விதி ஒன்று உண்டு. ஓர் இனக்குழுவிலிருந்து இன்னொன்றைத் தருவிக்கும்போது, தருவிக்கப்பட்ட இனக்குழுவின் ஆக்கியில் ‘சூப்பர்’ என்னும் அழைப்பு இடம்பெறுமானால் அதுவே முதல் கூற்றாக இருத்தல் வேண்டும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஏற்ற விதி. விடையும் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த விதி எதற்காக ஏற்பட்டது என்ற வினா மட்டும் வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. இதற்கிடையில், 2025 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 25 அந்த விதியைத் தளர்த்திவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இலக்கணமாக நின்ற ஒன்று ஏன் வந்தது, ஏன் தளர்ந்தது என்பதை அறிய, பொருள்நோக்கு நிரலாக்கம் பிறந்த இடத்திற்கே திரும்பிச் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் கிளாஸ் என்பது இனக்குழு என்றும், இன்ஹெரிட்டன்ஸ் என்பது மரபுரிமம் என்றும், கன்ஸ்ட்ரக்டர் என்பது ஆக்கி என்றும் வழங்குகின்றன. அச்சொற்களே இங்கும் ஆளப்படுகின்றன. அடிப்படை இனக்குழு, தருவிக்கப்பட்ட இனக்குழு என்னும் நீண்ட தொடர்களுக்குப் பதிலாகத் தாய், சேய் என்ற சொற்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பொருள் ஒன்று நினைவகத்தில் தோன்றும் கணத்தில் அதன் தரவுகளுக்குத் தொடக்க மதிப்பளித்து, அதைப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவருவதே ஆக்கியின் பணி. சேய்ப் பொருள் ஒன்று பிறக்கும்போது தாயின் ஆக்கி, சேயின் ஆக்கி என இரண்டும் இயங்க வேண்டும். எது முதலில்? ஒன்று முடிந்து மற்றொன்று முடியாத இடைப்பொழுதில் அந்தப் பொருளை என்னவென்று கருதுவது? இவ்விரு வினாக்களுக்கும் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறது.

வரலாறு நார்வேயின் தலைநகரில் தொடங்குகிறது. ஆஸ்லோவில் இருந்த நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர் 1960களின் முற்பகுதியில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினர். நடைமுறை உலகின் நிகழ்வுகளைக் கணிப்பொறிக்குள் பாவனை செய்து பார்ப்பதே அதன் நோக்கம். அதன் முதல் வடிவம் யூனிவாக் 1107 பொறியில் இயங்கியது. அதனை மேம்படுத்த முயன்றபோது அவர்களை மடக்கிய சிக்கல்களுள் ஒன்று, பாலம் ஒன்றின் சுங்கச்சாவடி முன் வாகனங்கள் வரிசையில் நிற்கும் காட்சி. லாரி, பேருந்து, கார் ஆகியவை தம்முள் வேறுபட்டவை. ஒன்றுக்குரிய தரவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. எனினும் அனைத்தும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். தனக்கு முன்னால் நிற்பது எது, பின்னால் நிற்பது எது என்ற இரண்டு சுட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தேவை. அவற்றை ஒவ்வொரு வாகன வகைக்கும் திரும்பத் திரும்ப எழுதுவதா?

1966ஆம் ஆண்டில் பிரான்சின் வில்லார்-த-லான் என்ற ஊரில் நடைபெற்ற கோடைப் பள்ளியில் டோனி ஹோர், பதிவேடுகளைக் கையாளுதல் பற்றி உரையாற்றினார். பதிவு இனக்குழு ஒன்றை உட்பிரிவுகளாகப் பகுக்கலாம் என்பது அவர் முன்வைத்த கருத்துகளுள் ஒன்று. ஆனால் அந்த அமைப்பில் தாய் தன் உட்பிரிவுகள் எவை என்பதை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். டாலுக்கும் நைகார்டுக்கும் தேவைப்பட்டது இதன் மறுதலை. வரிசையில் நிற்கும் தன்மையை ஒருமுறை எழுதிவிட்டால், நாளை எவரோ எழுதப்போகும் புதியதொரு வாகனமும் அதனை எடுத்துக்கொள்ளத்தக்கதாய் இருக்க வேண்டும். தாய்க்குச் சேயைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேய்க்குத் தாயைத் தெரிந்திருந்தால் போதும்.

அவ்வாண்டின் இறுதியில் அவர்கள் கண்டடைந்த தீர்வு முன்னொட்டு. இலக்கணத்தில் ஒரு சொல்லின் முன் ஒட்டு சேர்வது போல, ஓர் இனக்குழுவின் முன் மற்றோர் இனக்குழுவின் பெயரை எழுதினால், முன்னதன் தரவுகளும் செயல்களும் பின்னதனுள் ஓர் அடுக்காக அமையும். வரிசைச் சுட்டுகளைக் கொண்ட ‘லிங்க்’ என்ற இனக்குழு முன்னொட்டாக நின்றது. கார் அதன் வழிவந்தது. 1967 மே மாதம் ஆஸ்லோவை அடுத்த லீசெபுவில் கூடிய மாநாட்டில் இக்கருத்து கட்டுரையாக வைக்கப்பட்டது. சிமுலா 67 பிறந்தது. மரபுரிமமும் அதனுடன் பிறந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மரபுரிமம் தன் பிறப்பிலேயே இரு வேறு நோக்கங்களைச் சுமந்து வந்தது. ஒன்று வகைப்பாடு: கார் ஒரு வாகனம், பேருந்தும் ஒரு வாகனம் என்பது போன்ற இனப் பார்வை. மற்றொன்று பகிர்வு: ஒருமுறை எழுதிய வரிசைச் சுட்டுகளைப் பலவற்றுக்கும் அடித்தட்டாக வைத்தல் என்ற அடுக்குப் பார்வை. கார் ஒரு வாகனம் என்பதை எவரும் ஏற்பர். கார் ஒரு ‘லிங்க்’ என்று சொல்ல முடியுமா? வரிசையில் நிற்பது காரின் இயல்பன்று. அதற்கு நேர்ந்த ஒரு நிலை. ஆயினும் ஒரே இலக்கணக் கருவி இரண்டு நோக்கங்களுக்கும் பயன்பட்டது. பின்வந்த குழப்பங்களில் பலவற்றின் வேர் இந்த இணைப்பில் இருக்கிறது. அது மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் ஆக்கி.

சிமுலா 67இல் ஆக்கி என்ற தனி உறுப்பு இல்லை. இனக்குழுவின் உடற்பகுதியில் எழுதப்பட்ட கூற்றுகளே பொருள் பிறந்ததும் இயங்கின. முன்னொட்டு இருப்பின் தாயின் அளபுருக்கள் முன்னும் சேயின் அளபுருக்கள் பின்னுமாகச் சேர்ந்து ஒரே பட்டியலாயின. தாயின் உடற்பகுதி முதலில் இயங்கும்; அதனுள் ‘இன்னர்’ என்ற சொல் வரும் இடத்தில் சேயின் உடற்பகுதி இயங்கும்; அது முடிந்தபின் தாயின் எஞ்சிய கூற்றுகள் இயங்கும். தாய் அடித்தளமிட, சேய் சுவரெழுப்ப, மீண்டும் தாயே வந்து கூரை வேய்வது போன்ற ஒழுங்கு இது. சேய் தன் பணியை முடித்த பிறகு அனைத்தும் சரியாக அமைந்தனவா என்று பார்க்கும் வாய்ப்பு தாய்க்கு இருந்தது. பின்னாளில் ஸ்காண்டிநேவியாவில் உருவான பீட்டா மொழி இந்த ஒழுங்கைக் கைவிடாமல் தொடர்ந்தது. உலகெங்கும் பரவிய மொழிகள் வேறு வழியில் சென்றன.

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிமுலாவைப் பயன்படுத்திய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியுடன் இனக்குழுக்களைச் சேர்க்கும் பணியைத் தொடங்கினார். ‘இனக்குழுக்களுடன் கூடிய சி’ எனப்பட்ட அம்முயற்சியே 1983இல் சி++ என்று பெயர் பெற்றது. சிமுலாவில் இனக்குழுவின் உடலோடு கலந்திருந்த தொடக்கச் செயல்களைப் பிரித்தெடுத்துத் தனியொரு செயற்கூறாக நிறுவியது இம்மொழி. தொடக்கத்தில் அதற்கு ‘நியூ’ என்றே பெயர்; இனக்குழுவின் பெயரையே ஆக்கிக்கும் இடும் வழக்கம் பின்னர் வந்தது. பிற செயற்கூறுகள் நம்பி இயங்கத்தக்க சூழலை அமைத்துத் தருவதே ஆக்கியின் கடமை என்பது ஸ்ட்ரூஸ்ட்ரப்பின் கோட்பாடு.

சி++ வகுத்த வரிசை கண்டிப்பானது. முதலில் தாயின் ஆக்கி, அடுத்துச் சேயின் தரவு உறுப்புகள், இறுதியில் சேயின் ஆக்கியின் உடற்பகுதி. அழிப்பிகள் இதற்கு நேர் எதிர்வரிசையில் இயங்கும். ‘இன்னர்’ மறைந்தது, சேய் முடித்தபின் தாய் திரும்பி வருவதற்கு இடமில்லாமல் போயிற்று. தாய் இனக்குழுவை எழுதுவோர், சேய் செய்ய வேண்டிய பணி ஒன்றைத் தம் ஆக்கிக்குள்ளிருந்தே மெய்நிகர் செயற்கூறு வழியாக அழைக்க முற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். முறையான வாயில் அடைபட்டதால் பக்கவாயிலைத் தேடினர்.

அந்தப் பக்கவாயிலில் என்ன நேர்கிறது என்பதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு. நூலக நிரல் ஒன்றில் ‘உறுப்பினர்’ தாய். ‘ஆய்வு மாணவர்’ சேய். ‘விவரம்’ என்ற மெய்நிகர் செயற்கூற்றைச் சேய் மாற்றி எழுதுகிறது. தன் ‘நெறியாளர்’ என்ற தரவை அதில் அச்சிடுகிறது. அந்தத் தரவுக்குச் சேயின் ஆக்கி மதிப்பளிக்கிறது. ஆனால் தாயின் ஆக்கி இயங்கும்போதே ‘விவரம்’ அழைக்கப்பட்டுவிடுகிறது. நெறியாளருக்கு இன்னும் மதிப்பு அளிக்கப்படவில்லை. யாருடைய ‘விவரம்’ இயங்க வேண்டும்?

சி++ தரும் விடை: தாயினுடையது. தாயின் ஆக்கி இயங்கும் வரை அப்பொருள் தாய் மட்டுமே. சேயின் அடுக்கு இன்னும் எழவில்லை. எழாத அடுக்கின் செயற்கூற்றை அழைப்பது தகாது. ஆதலால் மெய்நிகர் அழைப்பும் அவ்விடத்தில் தாயின் வடிவத்தையே சென்றடையும். தாயில் அச்செயற்கூறு உடலற்று வெறும் அறிவிப்பாக இருந்தால் நிரல் பெரும்பாலும் அங்கேயே முறிந்துவிடும். இது அடுக்குப் பார்வையின் நேரடி விளைவு.

ஜாவா தரும் விடை: சேயினுடையது. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அறிவித்த, ஜேம்ஸ் காஸ்லிங் முதன்மையாக வடிவமைத்த அம்மொழியில், பொருள் ஒன்று பிறந்த கணம் முதலே அது சேய்தான். நடுவில் இனம் மாறுவதில்லை. எனவே தாயின் ஆக்கியிலிருந்து அழைத்தாலும் சேயின் ‘விவரம்’ இயங்கும். நெறியாளர் இருக்கும் இடத்தில் வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ இருக்கும். மாறாதது என்று அறிவிக்கப்பட்ட மாறியும் அந்த இடைப்பொழுதில் வெறுமையாகவே தோன்றும். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அதில் மதிப்பு இருக்கும். இது இனப் பார்வையின் நேரடி விளைவு.

முரண்பாடு இங்கேதான் வெளிப்படுகிறது. ஜாவா பொருளின் இனத்தைப் பொறுத்தவரை இனப் பார்வையைக் கொண்டது. ஆக்கிகளின் வரிசையைப் பொறுத்தவரை சி++ இன் அடுக்குப் பார்வையைத் தொடர்ந்தது. ‘சூப்பர்’ முதலில் வர வேண்டும் என்ற விதி, அடித்தட்டு எழும் முன் மேல்தட்டைத் தொடாதே என்ற கட்டுப்பாடு. ஆனால் மேல்தட்டின் செயற்கூற்றை அடித்தட்டே அழைக்கும்போது அந்த விதி எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. தாயைச் சேயிடமிருந்து காக்க எழுந்த வேலி, சேயைத் தாயிடமிருந்து காக்கவில்லை.

ஏனைய மொழிகளின் விடைகளும் இந்த இரு துருவங்களுக்கு இடையிலேயே அமைகின்றன. சி ஷார்ப் மொழியிலும் சேயின் செயற்கூறே இயங்கும். ஆனால் அறிவிப்பின் போதே மதிப்பளிக்கப்பட்ட சேயின் தரவுகள் தாயின் ஆக்கிக்கு முன்பே நிரப்பப்பட்டிருக்கும். பைத்தான் மொழியில் தாயின் தொடக்கச் செயற்கூற்றை அழைப்பதே நிரலரின் பொறுப்பு. மறந்தால் மொழி தடுக்காது. முந்தி அழைத்தால், நெறியாளர் என்ற பண்பே அப்பொருளில் இல்லை என்ற பிழை எழும். ஸ்மால்டாக்-80இல் ஆக்கி என்ற சிறப்பு உறுப்பே இல்லை. ‘நியூ’ என்பது இனக்குழுவுக்கு அனுப்பப்படும் சாதாரணச் செய்தி. பொருளைத் தொடங்கிவைப்பது இலக்கண விதியாக அன்றி வழக்கமாகவே நிலவியது.

2014இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி வரிசையைத் தலைகீழாக்கியது. சேய் முதலில் தன் தரவுகள் அனைத்தையும் நிரப்ப வேண்டும். அதன்பிறகே தாயின் ஆக்கியை அழைக்கலாம். எல்லா அடுக்குகளும் நிரம்பிய பின்னரே செயற்கூறுகளை அழைக்க அனுமதி. இவ்விரு கட்ட ஒழுங்கை நிரல்பெயர்ப்பியே சரிபார்க்கிறது. மேற்கண்ட நூலக எடுத்துக்காட்டில் நெறியாளரின் இடம் ஸ்விஃப்டில் வெறுமையாய் இருக்க இயலாது.

ஜாவா 25 அடைந்த இடமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. ‘சூப்பர்’ அழைப்புக்கு முன் அளபுருக்களைச் சரிபார்க்கலாம். சேய் தன் தரவுகளுக்கு மதிப்பும் அளிக்கலாம். ஆனால் பிறந்துகொண்டிருக்கும் பொருளை அந்நேரத்தில் வேறு வகையில் பயன்படுத்தக் கூடாது. 22, 23, 24 ஆகிய பதிப்புகளில் முன்னோட்டமாக இருந்து 25இல் நிலைபெற்ற மாற்றம் இது. குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு: ஜாவாவின் மெய்நிகர் பொறி இத்தகைய நெகிழ்வை ஏற்கெனவே அனுமதித்திருந்தது. தடை விதித்தது பொறியன்று, மொழியின் இலக்கணமே. மாணவர் மனப்பாடம் செய்த விதி இயற்கை நியதியன்று, ஒரு காலத்தின் வடிவமைப்பு முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக்கி சேய்க்கு மரபுரிமையாக வராததன் காரணமும் இவ்வரலாற்றின் ஒளியில் விளங்கும். பிற செயற்கூறுகளை அழைப்பவர், பொருள் தாயா சேயா என்று அறியாமலே அழைக்கலாம். ஆக்கியை அழைப்பவரோ இன்ன இனத்தின் பொருள் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார். ஆய்வு மாணவருக்கு நெறியாளர் கட்டாயம் என்றால், நெறியாளரைக் கேட்காத தாயின் ஆக்கி அவருக்குப் பொருந்தாது. பெர்ட்ராண்ட் மேயரின் ஐஃபெல் மொழி இதனைத் துல்லியமாகப் பிடித்தது: தாயின் ஆக்கச் செயற்கூறு சேய்க்கு வந்து சேரும்; ஆனால் பொருளைப் பிறப்பிக்கும் தகுதியைச் சேய் மீண்டும் அறிவித்தால்தான் பெறும். தாயின் நிபந்தனைகளைச் சேய் காக்க வேண்டும், தனக்கென மேலும் நிபந்தனைகளை ஏற்கலாம் என்ற ஒப்பந்தம் அதன் பின்னால் இருக்கிறது.

மரபுரிமத்தின் இடர்களை அறிஞர்கள் பிந்தி உணர்ந்தனர் என்று சொல்ல முடியாது. 1986இலேயே ஆலன் ஸ்னைடர், மரபுரிமம் உறைபொதியாக்கத்தை உடைக்கக்கூடும் என்று எடுத்துக்காட்டினார். தாயின் உள்ளமைப்பைச் சேய் சார்ந்துவிட்டால், தாயை மாற்றும் உரிமை அதை எழுதியவர் கையைவிட்டுப் போகிறது. 1987இல் பார்பரா லிஸ்கோவ், தாயின் இடத்தில் சேயை வைத்தாலும் நிரல் முன்போலவே நடந்துகொள்ள வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தார். 1994இல் வெளிவந்த வடிவமைப்புத் தோரணிகள் நூலில் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைடிஸ் ஆகிய நால்வர், மரபுரிமத்தைவிடச் சேர்த்தமைத்தலுக்கு முன்னுரிமை தருமாறு கூறினர். 2001இல் ஜோஷுவா பிளாக், மாற்றி எழுதத்தக்க செயற்கூறு எதையும் ஆக்கிக்குள்ளிருந்து அழைக்கலாகாது என்று எச்சரித்தார். மரபுரிமத்திற்கென வடிவமைத்து ஆவணப்படுத்தப்படாத இனக்குழுவை மூடிவிடுவதே நன்று என்றும் பரிந்துரைத்தார். கோட்லின் மொழி அதனை இயல்புநிலையாக்கியது: வெளிப்படையாகத் திறந்துவைக்காத இனக்குழுவிலிருந்து எதையும் தருவிக்க இயலாது. கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் இனக்குழு மரபுரிமத்தையே விட்டுவிட்டன.

இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், மரபுரிமத்தை ‘எழுதியதை மீண்டும் பயன்படுத்தும் வசதி’ என்று மட்டும் கற்பிப்பது எவ்வளவு குறைபட்டது என்பது புலனாகும். விலங்கு தாய், நாய் சேய் என்ற எடுத்துக்காட்டோடு நின்றுவிடும் பாடம், ஆக்கிகளின் வரிசையை வெறும் தகவலாக்கிவிடுகிறது. சி++, ஜாவா, பைத்தான் மூன்றையும் வெவ்வேறு பருவங்களில் படிக்கும் மாணவர், ஒரே நிரல் மூன்றிலும் மூன்று விதமாக நடந்துகொள்வதைக் காணும்போது அதனை மொழிகளின் விசித்திரம் என்று ஒதுக்கிவிடுகிறார். உண்மையில் அவர் காண்பது, பிறந்துகொண்டிருக்கும் பொருள் என்ன என்ற ஒரே வினாவுக்கான மூன்று விடைகளை. அதை அறிந்தவர் தாய் இனக்குழு ஒன்றை எழுதும்போது, தாம் அறியாத சேய்களுக்கு என்ன வாக்குறுதி அளிக்கிறோம் என்று சிந்திப்பார். அறியாதவர் எழுதிய தாயின் பிழை, அதை ஒருபோதும் பார்த்திராத வேறொருவரின் சேயில் வெளிப்படும்.

டாலும் நைகார்டும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றனர். 2002இல் சில வாரங்கள் இடைவெளியில் இருவரும் மறைந்தனர். அவர்கள் பாலத்தருகே நிறுத்திய காரை இன்றைய வடிவமைப்பாளர் ஒருவரிடம் காட்டினால், வரிசைச் சுட்டுகளைக் காரின் தாயாக வைக்காமல் தனிப் பொருளாக அமைக்குமாறு சொல்லக்கூடும். அந்த அறிவுரை சரியானதே. ஆனால் அதைச் சொல்வதற்கான சொற்கள் உருவாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின; அவற்றைத் தந்தவையும் அந்தக் காரின் வழிவந்த மொழிகளே. சிமுலாவின் தாய் தன் சேயை அறியாது. ஆயினும் சேய் முடித்தபின் திரும்பி வந்து பார்த்தது. பின்வந்த மொழிகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதிக்கு ஈடான பாதுகாப்பை இன்றுவரை வெவ்வேறு விதிகளால் கட்டிக்கொண்டிருக்கின்றன.